பக்ரீத் கறியை ஏன் ஒளித்து எடுத்துப் போக வேண்டும்?

பக்ரீத் வந்தால் போதும், பலருக்கும் திடீரென்று ஜீவகாருண்யம் பொங்கி வழிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கும்போது கண்ணில் படாத ஆடு, துல்ஹஜ் மாதம் 10ஆம் நாள் மட்டும் கண்ணீர் வரவழைக்கிறது. "ஆடு மாதிரி கேக் செய்து வெட்டுங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் அறிவுரை வேறு.

இந்தக் கருணையை நாங்கள் முன்பே பார்த்துவிட்டோம். 1950இல் வந்த ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, 2003இல் தமிழகக் கோயில்களில் கிடா வெட்டத் தடை போட்டார்கள். முனியப்பனுக்கும் சுடலைமாடனுக்கும் படைக்கிற நம் சனங்கள்தான் அன்று குற்றவாளிகள். எதிர்ப்பு வலுத்த பிறகு 2004இல் அந்தச் சட்டமே விலக்கப்பட்டது. அன்று நம் சாமிக்கு வெட்டிய கிடா, இன்று பாய் வீட்டு ஆடு. ஆடு மாறவில்லை, கை நீட்டுகிறவர்களும் மாறவில்லை.

குர்பானியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். மகனையே கொடுக்கத் துணிந்த இப்ராஹிம் நபியின் நினைவாக, பெருநாள் தொழுகை முடிந்த பிறகு அறுக்கிறார்கள். மாடு என்றால் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். கறியை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. குர்பானி கொடுக்க வசதியில்லாத முஸ்லிம் குடும்பமும் அன்று கறி சமைப்பது இந்த மூன்றாவது பங்கால்தான். இன்னொரு விதியும் உண்டு. அறுத்துக் கொடுக்கிறவருக்குக் கறியையோ தோலையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது. கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இந்த விதியின் அருமை நமக்குத் தெரியும். ஊர்த்தெருவில் மாடு செத்தால் தூக்கிப் போட வேண்டியவர்கள் நம் தாத்தாக்கள். அதற்குக் காசு கிடையாது, செத்த மாட்டின் கறிதான் கூலி. அதைத் தின்றதற்காகவே தீட்டு என்று தள்ளியும் வைத்தார்கள். செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று அம்பேத்கர் 1927இல் மகத் மாநாட்டில் அழைத்தது இந்த இழிவை உதறத்தான். தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை 1948இல் ஒரு நூலாகவே எழுதினார். சாதி கொடுத்த கறி அடிமைத்தனத்தின் கூலி. குர்பானிப் பங்கு கூலி அல்ல. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்பில் கூட வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து நம் காலனிகளுக்கு இந்தப் பங்கு வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருமுறை ஓர் ஆயா பங்கை வாங்கும்போது சொன்னார்: "பாயம்மா, கறுப்புக் கவர்ல போட்டுக் குடுங்க. பஸ்ல போகணும், எவனாவது கேட்டா என்ன சொல்றது?" அது ஆட்டுக்கறிதான். ஆனால் தாத்ரியில் 2015 பக்ரீத் முடிந்த சில நாட்களில் முகம்மது அக்லாக்கை அடித்துக் கொன்ற கும்பல், வீட்டில் இருந்தது என்ன கறி என்று நிதானமாகவா விசாரித்தது?

அது வடக்கே என்று ஆறுதல்பட வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அந்த ஊரில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை! எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. முஸ்லிமின் தட்டில் கை வைத்தால் அது தலித்தின் தட்டிலும் விழும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

லாரியில் ஆடுமாடுகளை நெருக்கி அடைத்துக் கொண்டுவருவது கொடுமைதான். அதைக் கேளுங்கள், ஆனால் வருடம் முழுக்கக் கேளுங்கள். மதம் விதித்தபடி விலங்கை அறுப்பது குற்றமல்ல என்று, நீங்கள் மேற்கோள் காட்டுகிற அதே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அதையும் படியுங்கள்.

முஸ்லிம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சில வீடுகளில் பங்கு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. பை நீள்கிறது, பாய் விரிவதில்லை. தொழுகை வரிசையில் உள்ள சமத்துவம் சாப்பாட்டு விரிப்பிலும் வரட்டும். கறியைக் கொடுத்தனுப்பினால் மட்டும் போதாது, உள்ளே கூப்பிட்டுக் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு: அந்தக் கேக் மீம்ஸை அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் ஆயாவை கறுப்புக் கவர் கேட்க வைத்தது அதுதான். அடுத்த பக்ரீத்துக்கு அவர் அந்தப் பங்கைத் தூக்குவாளியில், எல்லோரும் பார்க்கக் கொண்டுவரட்டும். நாம் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவோம்.