வீட்டில் மீன் வளர்ப்பு: கணக்கு யார் பெயரில்?



மளிகைக் கடை வருமானம் ஒன்றையே நம்பி வாடகை, மின் கட்டணம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மிச்சம் பார்ப்பது இன்று எளிதல்ல. பெரிய அங்காடிகள் ஒரு பக்கம். கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கு வந்து சேரும் சரக்கு மறு பக்கம். ஆகவே உப தொழில் எது செய்யலாம் என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி எழுகிறது. அதில் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. குறிப்பாக, 'கோரிடோரஸ்' என்னும் சிறு கெளுத்தி மீனை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது பற்றி நமது கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

வண்ண மீன் என்பது விளையாட்டல்ல, வியாபாரம் என்பதற்குச் சென்னை கொளத்தூரே சாட்சி. வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்த குடும்பங்களால் அந்த ஊர் நாடறிந்த மீன் சந்தையானது. 2017ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்குக் கடுமையான விதிகள் கொண்டு வந்தபோது வளர்ப்போரும் விற்போரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. ஒன்றுபட்டு நிற்பதன் பலன் நமக்குப் புதிதல்ல.

கோரிடோரஸ் தென் அமெரிக்க ஆற்று மீன். இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. உடலில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள், வாயருகே மீசை. சாதுவான மீன், தொட்டியின் அடியில் மேயும். திடீரென மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். குடலாலும் சுவாசிக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் எல்லாம் ஓயாமல் மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள். 'அழுக்குத் தின்னும் மீன்' என்று சொல்லி விற்பவர் பேச்சை நம்பிப் பட்டினி போடக் கூடாது. கூர்மையான கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகும். நயமான மணல்தான் வேண்டும்.

ஆறு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெட்டை அகலமாகத் தெரியும். ஒரு பெட்டைக்கு இரண்டு ஆண் என்பது வழக்கமான கணக்கு. நன்றாகத் தீனி கொடுத்து, பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுச் சற்றுக் குளிர்ந்த தண்ணீர் விட்டால், மழை வந்துவிட்டது என்று எண்ணி முட்டையிடும். பெட்டை வயிற்றுத் துடுப்புகளுக்கிடையே முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டும். தாய் மீனே அவற்றைத் தின்றுவிடும் என்பதால் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டைகளை அகற்றி, காற்றுக் குழாயை ஓடவிட்டால் மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு வெளிவரும். இரண்டு மூன்று நாள் வயிற்றுக் கருவிலேயே பிழைக்கும். அதன் பின் உப்பு நீரில் ஒரு நாள் வைத்துப் பொரித்த ஆர்ட்டீமியாதான் சிறந்த தீனி.

நம் திருவண்ணாமலையில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சித்திரை வெயில். இந்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 22 முதல் 26 டிகிரி வெப்பம் போதும். நம் ஊரில் கோடையில் தகர ஓட்டுக் கிடங்கில் தொட்டி வைத்தால் மீன் வெந்துவிடும். மற்றொன்று, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால், பிடித்து வைத்த மழை நீரைக் கலக்கலாம். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே விட வேண்டும்.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்கு நூறு முட்டையில் எழுபது பொரிந்து, ஐம்பது பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு ஏற்ற அளவு வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தீனி, மின்சாரம், பாதித் தண்ணீர் மாற்றும் உழைப்பு எல்லாம் அடக்க விலையில் சேர வேண்டும். வெங்காயத்தில் அழுகல் கழிப்பது போல இதிலும் சேதாரம் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். வாங்குபவர் யார் என்று தெரியாமல் சரக்குப் பிடிப்பவன் வியாபாரி அல்ல. அனுப்பும்போது இதன் துடுப்பு முள் பையைக் குத்தும். இரட்டைப் பையில் கட்ட வேண்டும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மழை குளிரும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த மீன் முட்டையிட வாய்ப்பு அதிகம். நமக்கோ அப்போதுதான் தீபத் திருவிழா. பத்து நாளும் கல்லாவை விட்டு நகர முடியாது. பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம் வேறு. முட்டையைப் பிரிப்பதும், குஞ்சுக்கு நேரத்துக்குத் தீனி போடுவதும் யார்? வீட்டுப் பெண்கள்தான். உழைப்பு அவர்களுடையது, வரவு மட்டும் கடைச் சிட்டையில் என்றால் அது நியாயமல்ல. கடைக் கடனுக்குள் அந்தப் பணம் கரைந்து, தொட்டி ஒரு வருடத்தில் காலியாகிவிடும். தனிச் சிட்டை, தனி வங்கிக் கணக்கு, அதுவும் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். நடப்பில் என்ன உதவி உண்டு என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். 'குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். 2012ல் பெருந்துறையில் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நாடு பார்த்தது. அடுத்து, விலை போகாத மீனை ஐயங்குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டில் தடை செய்தும் அது ஒழியவில்லை. கண்ணாடி துடைக்க வாங்கிய சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. புண்ணியம் என்று எண்ணி விடுவது ஊருக்குச் செய்யும் பாவம்.

அகலக்கால் வைக்க வேண்டாம். ஒரு தொட்டி, ஆறு மீன், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வருடக் கணக்கு எழுதிப் பார்த்து, மிச்சம் நின்றால் இரண்டாவது தொட்டி வாங்கலாம். நிற்காவிட்டால் பிள்ளைகள் பார்த்து மகிழ ஒரு தொட்டி வீட்டில் இருக்கட்டும். நட்டம் அதோடு போகும்.