செருப்போடு நடக்கும் உரிமையும் கேமராவோடு நடக்கும் உரிமையும்

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். அதையொட்டி ஊருக்கு ஊர் 'போட்டோ வாக்' அறிவிப்புகள் வருகின்றன. விடியற்காலையில் ஓரிடத்தில் கூடுவது, பழைய தெருக்களில் இரண்டு மணி நேரம் நடப்பது, கண்ணில் படுவதை எல்லாம் எடுப்பது, டீ குடித்துக் கலைவது. மயிலாப்பூர், காரைக்குடி என்று சுற்றிய கேமராக்கள் இப்போது திருப்பூரிலும் நடக்கின்றன. காதர்பேட்டையில் குவிந்துகிடக்கும் செகண்ட்ஸ் பனியன்கள், மூட்டை சுமக்கும் முதுகு, ஓட்டுக் கட்டடத்தின் மேல் விழும் வெயில், நொய்யல் பாலம். எல்லாம் கறுப்பு வெள்ளையில். கீழே ஒரு வரி: 'உழைப்பின் நகரம்'.

கேமராவின் மீது எனக்குக் கோபம் இல்லை. தெரு எல்லோருக்கும் பொது, காலாற நடந்தாலே ஊர் தன்னைக் காட்டிவிடும் என்று நினைக்கிறார்களே, அதன் மீதுதான் கோபம்.

இதே திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டம், ராஜாவூர் கிராமம். 2023 டிசம்பர் 24 அன்று தலித் மக்கள் சுமார் 60 பேர் அங்குள்ள கம்பள நாயக்கன் தெருவில் செருப்பு அணிந்து நடந்தார்கள். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள தெரு. அதுவரை அவர்கள் அந்தத் தெருவில் செருப்போடு நடந்ததில்லை, நடக்க விட்டதில்லை. தெருவுக்கடியில் மாந்திரீகப் பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் சாவீர்கள் என்று சொல்லியே பயமுறுத்தி வைத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. கட்சிகளும் இயக்கங்களும் உடன் நிற்க, 2023ஆம் ஆண்டில்தான் ஒரு தெருவை நடந்து கடக்க முடிந்திருக்கிறது. 'வாக்' என்றால் இதுதான் வாக்.

1924இல் வைக்கத்தில் நடந்ததும் இதே சண்டைதான். கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க. பக்கத்து ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காக இரண்டு முறை சிறைப்பட்டார்.

"அதெல்லாம் கிராமம் தோழர், டவுனில் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். டவுனில் தெருவில் தடுப்பதில்லை, வாடகை வீட்டு வாசலில் தடுக்கிறார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எந்த லென்ஸிலும் விழாது. கேமராவுக்கும் அதே கேள்வி உண்டு. கழுத்தில் டிஎஸ்எல்ஆர் தொங்க, ஆங்கிலம் கலந்து பேசிக்கொண்டு போகிறவருக்கு டீக்கடையில் உட்கார இடம் கொடுப்பார்கள். லைன் வீட்டிலிருந்து வரும் அருந்ததிய இளைஞன் அதே வாசலில் செல்போனைத் தூக்கினால் "எந்த ஊருடா நீ?" என்பார்கள்.

சரி, 'உழைப்பின் நகரம்' என்ற அந்த வரிக்கு வருவோம். இந்த ஊரில் பனியன் தொழிலின் தொடக்கத்தைச் சொல்கிறவர்கள் 1920களின் குலாம் காதரிலிருந்துதான் சொல்வார்கள். பிற்காலத்தில் தொழில் பெருமளவு கவுண்டர்கள் கைக்குப் போனது. சாதாரண விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து, பிறகு முதலாளியானவர்கள் தங்கள் உயர்வுக்குச் சொன்ன ஒரே காரணம் உழைப்பு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் அந்தச் சொல்லையே பிடித்து அலசினார். நான் கேட்பது எளிய கேள்வி. இதே கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாக அருந்ததியர் உழைக்கவில்லையா? உழைப்பு முதலாக மாற நிலம் வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும், ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கப் பங்காளி வேண்டும். உழைப்பை மட்டும் காட்டி இவற்றை மறைக்கும் படம், முதலாளி சங்க மலரில் அட்டைப்படமாகலாம். நம் பக்கத்தில் எதற்கு?

1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ரயில் நிலையத்துக்கு அருகில் குமரன் நினைவிடத்தில் எல்லோரும் நின்று எடுக்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் இந்த 127 நாளுக்கும் நடையில் ஒரு நிறுத்தம் வையுங்கள்.

நொய்யல் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீர் சிவப்பாக ஓடினால் அது நல்ல ஃபிரேம். அந்தச் சாயத்தால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஆறு சாய்ந்த கதை ஓரளவு வெளியே தெரியும். பட்டறைக்குள் யார் தொட்டியில் இறங்குகிறார்கள் என்பது தெரியாது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தொட்டிக்குள் இறங்க யாரைக் கூப்பிடுவார்கள் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கம்பெனிக்குள் கேமராவை விடுவதில்லையே, நாங்கள் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. 1908 முதல் அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் குழந்தைத் தொழிலாளர்களை எடுக்கப் பஞ்சாலைகளுக்குள் போனார். பைபிள் விற்பவன் என்றெல்லாம் பொய் சொல்லி நுழைந்தார். உள்ளே விடாத இடத்தில் ஷிப்ட் முடியும் நேரம் வாசலில் காத்திருந்தார். பெயர், வயது, வேலை நேரம் எல்லாம் குறித்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் படங்கள் அழகாக இருந்ததோடு நில்லாமல் சட்டத்துக்கான வாதமாகவும் ஆயின.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார் இருக்கிறார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களின் சாவு வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனவர். இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். அவர் போகும் வீடுகளில் அவரை 'போட்டோ வாக்' வந்தவராக யாரும் பார்ப்பதில்லை.

திருப்பூரில் நடை ஏற்பாடு செய்யும் தோழர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். காலை ஆறு மணி வேண்டாம், ஷிப்ட் விடும் நேரத்தில் போங்கள். டீ இடைவேளையில் நிற்கும் பெண்ணையும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனையும் கேட்காமல் எடுக்காதீர்கள். கம்பெனி அடையாள அட்டையோடு முகம் இணையத்தில் வந்தால் வேலை போகும், உங்களுக்கு லைக் வரும். பெயர் கேளுங்கள், போடலாமா என்றும் கேளுங்கள். அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போய்ப் படத்தை அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். ஒரு டீ விலைதான் ஆகும்.