களம் எங்கே, கனவான்களே?



அறுவடைக் காலத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தார் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக் கிடக்கும். ஓரத்தில் வரிசையாகக் கருங்கல்லும் பனந்துண்டும் வைத்திருக்கும். உச்சி வெயிலில் ஒரு கிழவி நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு நடப்பாள். பஸ் டிரைவர் ஏசுவார். கிழவியும் விட மாட்டாள், பதிலுக்கு ஏசுவாள்.

நெல் ஏன் ரோட்டுக்கு வந்தது? ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்கக் கூடாது என்பது சர்க்கார் விதி. குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டுகிறது. சம்பா அறுப்பு தைப் பனியில் மாட்டுகிறது. மிஷின் அறுத்துக் கொட்டிய ஈர நெல்லை எங்கே காய வைப்பது? மிராசுதாருக்குச் சிமெண்டுக் களம் உண்டு. இரண்டு ஏக்கர் குத்தகைக்காரனுக்கு உள்ள ஒரே களம் தார் ரோடுதான். காய வைத்துக் கொண்டுபோனாலும் சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை என்பார்கள். நிலைய வாசலில் படுதாவைப் போர்த்திவிட்டு நாட்கணக்கில் காவல் கிடக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் அடி நெல் முளைத்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயம். கோவையில் பஞ்சாலை வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் மன்னார்குடிப் பக்கம் தன் ஊருக்கு இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரோட்டில் விளக்கு இல்லை. நெல்லுக்கு அண்டை வைத்த கல் தெரியவில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "கேஸ் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க தோழர். யார் மேலே எழுதறது? நெல்லு எங்க சித்தப்பாவுது" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி டில்லிக் கனவான்கள் சொல்வதைக் கேட்போம். 2019-ல் மோட்டார் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைப் பல மடங்கு ஏற்றினார்கள். அந்த வருஷம் இந்திய ரோடுகளில் மாண்டவர்கள் 1,51,113 பேர். 2022-ல் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் வெறுங்காலோடு நடந்து போனவர்கள். இது சர்க்காரே அச்சிட்ட கணக்கு. 2024 டிசம்பரில் பார்லிமெண்டில் ரோடு மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி, வெளிநாட்டு மகாநாடுகளில் விபத்துப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். ஒப்புக்கொண்டவரை சரி. ஆனால் அழுத்திச் சொன்னது என்ன? ஜனங்களின் நடத்தை மாற வேண்டும், சட்டத்தை மதிக்க வேண்டும் என்று!

நடவுக்குப் போகும் பெண்களைக் குட்டி யானையில் நிறுத்தி ஏற்றிப் போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு வயல்காட்டுக்கு எந்தப் பஸ் போகிறது? அதைச் சொல்லிவிட்டு நடத்தையைப் பற்றிப் பேசட்டும். களம் கட்டாதவன் நடத்தைக்கு என்ன அபராதம்?

களத்துக்கும் கிடங்குக்கும் வருவோம். அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கார்ப்பரேஷனைத் தொடங்கியபோது அதன் முதல் ஜில்லா ஆபீஸைத் தஞ்சாவூரில்தான் வைத்தார்கள். விளைந்ததைச் சர்க்கார் வாங்க வேண்டும், காக்க வேண்டும், நாடெங்கும் ரேஷனில் கொடுக்க வேண்டும். இதுதான் அதன் வேலை. அந்தக் கார்ப்பரேஷனை என்ன செய்யலாம் என்று யோசனை சொல்ல 2014-ல் மோடி சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. தலைவர், காங்க்ரா தொகுதி பார்லிமெண்ட் மெம்பர் ஸ்ரீ சாந்தகுமார். 2015 ஜனவரியில் ரிப்போர்ட் வந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். இங்கிலீஷ் தெரிந்த தோழர் ஒருவர் வரி வரியாகச் சொல்ல, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தானியத்தைத் திறந்தவெளியில் மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதே என்கிறது ரிப்போர்ட். நமக்கும் சம்மதம். கொள்முதல் சரியாக நடக்காத கிழக்கு மாநிலங்களுக்குக் கார்ப்பரேஷன் போகட்டும் என்கிறது. அதற்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் இவையெல்லாம் ஊறுகாய்தான். இலையில் விழுந்த சோறு வேறு.

விவசாயிகளில் சுமார் 6 சதவிகிதம் பேர்தான் ஆதார விலைக்குச் சர்க்காரிடம் விற்கிறார்களாம். புத்தியுள்ளவன் என்ன சொல்லுவான்? மிச்சம் 94 பேரிடமும் போ என்பான். ரிப்போர்ட்டோ, கிடங்கு வேலையைத் தனியாருக்கும் குத்தகைக்கு விடு, ரேஷனுக்குப் பதிலாகக் கையில் பணத்தைக் கொடுக்கப் பழகு என்கிறது. 2013-ம் வருஷ உணவுச் சட்டம் நூற்றுக்கு 67 பேருக்கு மலிவுத் தானியம் உண்டு என்றது. அதை 40 ஆகக் குறை என்கிறது. மிஞ்சுகிறவர்களுக்கு 5 கிலோவை 7 ஆக்கலாமாம். நூற்றுக்கு 27 பேரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கரண்டி கூடப் போடுகிற தர்மம் இது!

எழுப்பப்படுகிற 27 பேர் யார்? பஞ்சாலைத் தோழர்களே, உங்கள் சட்டைப் பையில் சம்பளச் சீட்டு இருக்கிறதே, அதுதான் முதலில் கண்ணில் படும். நம் மாநிலத்தில் அரிசிக் கார்டு எல்லோருக்கும் பொது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். இது டில்லி கொடுத்த வரமல்ல. டில்லி தானியத்தை வெட்டினால் இதை எத்தனை நாள் தாங்க முடியும்?

"நெல் ரோட்டில் கிடப்பதற்கும் என் ரேஷன் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1997-ல் ஜனங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தார்கள். 2000-ல் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு ரேஷன் விலையை முழு அடக்க விலைக்கே ஏற்றினார்கள். கடைவிலையும் ரேஷன் விலையும் ஒன்றானால் எவன் ரேஷன் கடைக்குப் போவான்? போகவில்லை. 2001 ஜூலையில் சர்க்கார் கிடங்கிலும் வெட்டவெளியிலும் தேங்கிய தானியம் 6 கோடி டன்னுக்கு மேல். அதே வருஷம் ராஜஸ்தானில் பஞ்சப் பட்டினி. தானியம் குவிந்திருக்க ஜனங்கள் வாடுகிறார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். தானியத்தையோ மான்யம் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். அப்போது ரேஷன் இலாகா மந்திரி யார்? இதே ஸ்ரீ சாந்தகுமார்!

காங்கிரஸ்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். வீணாகும் தானியத்தை ஏழைகளுக்கு இனாமாகக் கொடு என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, கொள்கை விஷயத்தில் கோர்ட் தலையிடக் கூடாது என்றவர் உங்கள் பிரதம மந்திரி.

ஆகவே ஆலைத் தொழிலாளியின் பையில் அரிசி குறைந்தால் கிடங்கு காலியாகாது. கிடங்கு காலியாகாவிட்டால் கொள்முதல் நிலையம் கதவைச் சாத்தும். கதவு சாத்தினால் நெல் ரோட்டில் கிடக்கும், அல்லது வியாபாரி கேட்ட விலைக்குப் போகும். அந்த நஷ்டத்தை அறுப்புக் கூலியில்தான் பிடிப்பார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு 1968-ல் வெண்மணியில் 44 உயிர்களை எரித்த பூமி இது. கூலி நெல்லின் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

கிடங்கு கட்டப் பணமில்லை என்பார்கள். 2008-ல் ஒரு திட்டம் போட்டார்கள். தனியார் கிடங்கு கட்டினால் 10 வருஷம் வாடகைக்குச் சர்க்கார் உத்தரவாதம். கிடங்கு காலியாகக் கிடந்தாலும் வாடகை வரும்! பஞ்சாப் மோகாவிலும் ஹரியாணா கைத்தலிலும் அதானி கம்பெனி தலா 2 லட்சம் டன் கொள்ளும் இரும்புக் குதிர்களை நிறுத்தியிருக்கிறது. அங்கேயும் வாடகைக்குச் சர்க்கார் ஒப்பந்தம். குதிர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிடங்கு முதலாளிக்குப் பத்து வருஷ உத்தரவாதம் கொடுக்கிற சர்க்கார், நெல் கொண்டுவந்தவனுக்குப் பத்து நாள் உத்தரவாதம் கொடுக்காதா?

40 சதவிகிதச் சிபாரிசு இன்னும் சட்டமாகவில்லை. தானாக நின்றுவிடவில்லை, தோழர்களே. பதுக்கலுக்கு வரம்பில்லாமல் செய்த 2020-ம் வருஷச் சட்டமும் தானாக ரத்தாகவில்லை. ஒரு வருஷம் விவசாயிகள் டில்லி வாசலில் பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021-ல் ரத்தாயிற்று.

அந்தக் கிராமத்தில் மகஜர் எழுதினோம். கொள்முதல் நிலையத்துக்கு ஒரு சிமெண்டுக் களம், அதற்கு விளக்கு, மழைக்குக் கூரை போட்ட கிடங்கு, விடியற்காலை வயலுக்கு ஒரு பஸ். கால் முறிந்த தோழர்தான் முதல் கையெழுத்து. சித்தப்பா கைநாட்டு வைத்தார்.

போன தையில் மறுபடி அந்த ரோட்டில் போனேன். நெல் அங்கேயேதான் காய்ந்தது. கற்களுக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தது, இரவில் தெரியட்டும் என்று. அடித்தது சர்க்கார் அல்ல. சித்தப்பாதான்.