பூட்டு வேண்டும்; திறவுகோலும் வேண்டும்!

அப்புத்தளைக்கு அடுத்த தியத்தலாவையிலே இலங்கை இராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சி பெறுகின்றனர். நாளை அவர்கள் அமரும் கட்டளை நிலையங்களிலே கணினியே கண்ணும் காதுமாக இருக்கும். அக்கணினியில் எவர் எதனைப் பார்க்கலாம் என்னும் வினா படையினருக்கு மட்டும் உரியதன்று. தேயிலை மலையில் வாழும் நமக்கும் உரியது என்கிறோம்.

1973ஆம் ஆண்டில் டேவிட் பெல், லெனார்ட் லாபடூலா என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தம் நாட்டு விமானப் படைக்காக இரு விதிகளை வகுத்தனர். கீழ்த்தரத்தில் உள்ளவன் மேல்தர இரகசியத்தைப் படிக்கலாகாது. மேல்தரத்தில் உள்ளவன் தான் அறிந்ததைக் கீழ்த்தர ஏட்டில் எழுதலாகாது. துரையின் பேரேட்டைக் கங்காணி பார்ப்பதில்லை. அதில் உள்ளதைத் துரை பிரட்டுக்களத்தில் உரைப்பதுமில்லை. பல அடுக்குப் பாதுகாப்பின் அடிப்படை இதுவே. ஒற்றர்க்கு இடங்கொடாத நல்ல ஏற்பாடுதான். ஆனால், கீழே இறங்க வேண்டிய செய்தியும் மேலேயே நின்றுவிட்டால்?

2019 ஏப்ரல் 4ஆம் நாள் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். கணினி பழுதுபட்டதால் நேர்ந்ததன்று இது. மேலிருந்தோர் அறிந்தது, காக்கப்பட வேண்டியோரை அடையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனப் பணித்தது. பணம் மாண்டவரை மீட்குமா?

நம் ஊவாவும் இத்துயரை அறியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அஃது இரகசியமுமன்று! இரகசியமல்லாத செய்தியே லயத்து மக்களைக் காவாத நாட்டில், இரகசிய முத்திரை பெற்ற செய்தி எந்நாள் மலையிறங்கும்?

ஆகவே, அரசுக்கு நாம் கூறுவது இது: அடுக்குகளை அமையுங்கள், ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் செய்தியைக் கீழிறக்கும் அதிகாரம் பெற்ற ஒருவரை நியமியுங்கள். உயிராபத்து எனில், இத்தனை மணி நேரத்துக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டுமென விதியுங்கள். செய்தியைப் படித்தவர் யார், முடக்கியவர் யார் என்பதைக் கணினி பதிந்து வைக்கட்டும். வேவு சொன்னவன் பெயரை மறையுங்கள். ஆபத்து வரும் இடத்தையும் நாளையும் மறைக்க வேண்டா. எச்சரிக்கை தமிழிலும் வரட்டும்.

பகைவனிடமிருந்து செய்தியைக் காப்பது பாதுகாப்பின் பாதி. மக்களைக் காப்பதே மறுபாதி!