ஒலிம்பிக் வாசலில் காத்திருக்கும் பௌலிங்

புதுதில்லி: 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த விருப்பம் தெரிவித்து 2024-இல் இந்தியா கடிதம் அளித்தது. போட்டியை நடத்தும் நகரமே கூடுதல் விளையாட்டுகளைப் பரிந்துரைக்கலாம் என்ற விதி இதனால் முக்கியத்துவம் பெறுகிறது. அவ்விதியால் பலமுறை ஏமாற்றம் கண்டது, பத்துக் கட்டைகளைப் பந்தால் வீழ்த்தும் பௌலிங்.

1895-இல் நியூயார்க்கில் தோன்றிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் இதன் விதிகளை ஒழுங்குபடுத்தியது. 1988 சோல் ஒலிம்பிக்கில் கண்காட்சி விளையாட்டாக மட்டுமே இடம்பெற்றது. 2015-இல் டோக்கியோ போட்டிக்கான எட்டு விளையாட்டுகளின் பட்டியலில் இருந்தும் ஜப்பானிய அமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்த ஐந்தில் அது இல்லை. அப்போது உடன் விடுபட்ட ஸ்குவாஷ், 2028 லாஸ் ஏஞ்சலீஸ் போட்டியில் கிரிக்கெட்டுடன் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆட்டத்துக்கு விதி வகுத்த நாடே பௌலிங்கைப் பரிந்துரைக்கவில்லை.

1978-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் நுழைந்த இந்த ஆட்டம், 2023 ஹாங்சௌ போட்டியில் இல்லை. இதனால் இந்திய வீரர்கள் பெரிய மேடை ஒன்றை இழந்தனர். வாய்ப்பு கிடைத்தால் கபடி, கோ-கோ போன்றவற்றையே இந்தியா முன்னிறுத்தக்கூடும். வணிக வளாகப் பொழுதுபோக்காகவே இங்கு அறியப்படும் பௌலிங்குக்கு, முதல் தேவை ஒலிம்பிக் அனுமதி அல்ல. உள்நாட்டில் விளையாட்டு என்ற அங்கீகாரமே.