பனிக்கட்டி மேல் ஒரு பந்தயம்

ஹாக்கி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பச்சைப் புல்தரை, வளைந்த மட்டை, சுள்ளென்ற வெயில், தியான் சந்தின் பெயர். அமெரிக்காவில் வெறுமனே "ஹாக்கி" என்றால் அது வேறு சமாசாரம். அங்கே தரையெல்லாம் பனிக்கட்டி. காலிலே கத்தி பதித்த பூட்ஸ். பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். ஏறக்குறைய ஓர் அதிரசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அது துள்ளிக் குதிக்கக் கூடாதென்று, ஆட்டத்துக்கு முன்னால் அதையும் ஐஸில் வைத்துக் குளிர வைத்துவிடுகிறார்களாம்.

வாருங்கள் சகோதரிகளே, டிக்கெட் செலவில்லாமல் ஒரு பந்தயம் பார்த்துவிட்டு வருவோம். நாள் 2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. ஊர் மினியாபொலிஸ். இடம் மினஸோட்டா ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ரிடர் அரங்கம். கலாசாலைப் பெண்களின் தேசீய ஹாக்கிச் சாம்பியன் பட்டத்துக்கு இன்று இறுதிப் போட்டி. கம்பளிச் சட்டையை மறந்துவிடாதீர்கள். பங்குனி மாதமாயிற்றே என்று நினைத்துப் போனால் பல் கிட்டிவிடும்!

அரங்கத்தைப் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். மொத்தம் 3,400 பேர்தான் உட்காரலாம். அதே வருஷம் ஆண்களின் இறுதிப் போட்டி நடந்த செயின்ட் லூயிஸ் அரங்கத்திலோ பதினெட்டாயிரம் பேருக்கு இடம் உண்டு. ஆனால் 2002-ல் திறந்த இந்தச் சின்ன அரங்கத்துக்கு ஒரு பெருமை இருக்கிறது. கலாசாலைப் பெண்களின் ஹாக்கிக்கென்றே அந்தத் தேசத்தில் முதன் முதலாகக் கட்டியது இதைத்தான். அதற்கு முன்னெல்லாம் ஆண்களின் அரங்கத்தில் ஒண்டுக் குடித்தனம்தான்.

ஆண்களுக்கு இந்தத் தேசீயப் பட்டம் 1948-லேயே ஏற்பட்டுவிட்டது. படிப்பிலும் கலாசாலை விளையாட்டிலும் பெண்களை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் 1972-ல் வந்தது. அப்படியும் பெண்களுக்கு இந்தப் பட்டம் கிடைத்தது 2001-ல்தான். அண்ணன் சாப்பிட்டு எழுந்து 53 வருஷம் கழித்துத் தங்கைக்கு இலை போட்ட கதை!

போகட்டும், உட்காருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்று மோதுவது விஸ்கான்ஸினும் ஓஹையோ ஸ்டேட்டும். இரண்டு கட்சிக்கும் சிவப்புதான் நிறம். ஆனால் இந்தப் போட்டிகளுக்கு வருகிறவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. தங்கள் கலாசாலை தோற்றுப் போனாலும் சரி, போட்டிக்கே தேறாமல் போனாலும் சரி, அதன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் அழைத்த வீட்டுக்காரர்களான மினஸோட்டாப் பெண்களே வெள்ளிக்கிழமை அரையிறுதியில் விஸ்கான்ஸினிடம் 6-2 என்று தோற்றுப் போனார்கள். கல்யாண வீடு நம்முடையது; மணப்பெண் மட்டும் வேறு யாரோ!

இங்கே சத்தத்துக்குக் குறைவில்லை. மாணவர்களின் பாண்டு வாத்தியம் ஒரு பக்கம். கோல் விழுந்துவிட்டால், போட்ட கட்சியின் ரஸிகர்கள் எதிர்க்கட்சிக் கோல்கீப்பரை நோக்கி விரலை நீட்டி, "சல்லடை! சல்லடை!" என்று கூவுவது கலாசாலை ஹாக்கியில் நெடுநாளைய சம்பிரதாயம். நாம் மாவு சலிக்கிறோமே, அதே சல்லடைதான்.

ஆட்டம் மூன்று பாகம். ஒவ்வொன்றும் 20 நிமிஷம். நடுவில் ஒரு வண்டி வந்து, கீறல் விழுந்த பனிக்கட்டியைச் சீவி, அலம்பி, வெந்நீர் தெளித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறது. கலிபோர்னியாக்காரர் பிராங்க் ஸாம்போனி என்பவர் 1949-ல் கண்டுபிடித்த வண்டி அது. குழந்தைகள் அதைப் பார்த்துக் கையாட்டுகின்றன. ஹும்! நாம் தினம் கூடத்தை மெழுகித் துடைக்கிறோம். யார் கையாட்டினார்கள்?

கடைசிப் பாகத்தின் கடைசி நிமிஷம் வந்துவிட்டது. ஓஹையோ 3, விஸ்கான்ஸின் 2. இதற்கு முந்திய இரண்டு வருஷமும் இதே இரு கட்சிகள்தான் இறுதியில் மோதின. 2023-ல் விஸ்கான்ஸின் 1-0. 2024-ல் ஓஹையோ 1-0. அப்படிப்பட்ட பங்காளிச் சண்டை! கோல் வாசலில் கிடக்கிற வட்டைக் கோல்கீப்பரைத் தவிர அந்தக் கட்சியில் வேறு யாரும் கையால் மூடக் கூடாது என்பது விதி. அந்தத் தப்பு நடந்துவிட்டது என்கிறார் விஸ்கான்ஸின் பயிற்சியாளர் மார்க் ஜான்ஸன். நடுவர்கள் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆமாம், தப்புதான்! தண்டனை அடி.

இன்னும் பாக்கி 18.9 விநாடி. மற்றவர்கள் எல்லாரும் விலகி நிற்க, நடுவே ஒரு பெண், எதிரே ஒரு கோல்கீப்பர். அடிக்க வருகிறவள் கர்ஸ்டன் ஸிம்ஸ். 2023-ல் அந்த ஒரே கோலைப் போட்டவளும் இவளேதான். வருகிறாள்... போட்டுவிட்டாள்! மூன்றுக்கு மூன்று. பிறகு அதிகப்படி நேரம். மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை. மறுபடியும் ஸிம்ஸ், மறுபடியும் கோல். விஸ்கான்ஸினுக்கு எட்டாவது பட்டம்.

எழுந்துவிடாதீர்கள், இன்னும் ஒன்று பாக்கி. ஆட்டம் முடிந்ததும் இரு கட்சிப் பெண்களும் வரிசையாக எதிரெதிரே வந்து கை கொடுக்கிறார்கள். ஜயித்தவள் சிரிக்கிறாள், தோற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டுகிறாள். அந்தக் கோல்கீப்பரைப் பெற்றவள் கூட்டத்தில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாளோ! "சல்லடை" என்ற கூச்சல் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

பெற்றவள் வருவதில் ஆச்சரியம் இல்லை. யார் பெற்ற பெண்ணுக்காகவோ, தன் கட்சி தோற்றுப் போன பிறகும் வந்து உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்துகிறவர்கள்தான் இந்த ஆட்டத்தை வளர்க்கிறவர்கள். சட்டம் மைதானத்தைத் திறந்துவிடலாம். பெஞ்சியை நிரப்ப மனுஷர்கள்தானே வேண்டும்?

அடுத்த தடவை நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பெண்களின் பந்தயம் என்று தெரிந்தால், அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நடை போய் வாருங்கள். நம் பெண் அதில் ஆடாவிட்டாலும் பரவாயில்லை. ஆடாவிட்டால்தான் அவசியம் போகவேண்டும்!