அக்காவும் ஒரு பிள்ளையே

‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பது பழமொழி. தம்பியர் இருவரை உடைய ஒரு பெண், படைக்கு அன்று, மாத முடிவுக்கு அஞ்சி நிற்பதை அண்மையில் கண்டேன். கிளிநொச்சிப் பக்கத்தவள், உயர்தர வகுப்பு மாணவி, வயது 18.

பெற்றோரின் மணவாழ்வு விவாகரத்தில் முடிந்தது. தந்தை வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார். மிஞ்சியவர் முதிய அம்மம்மாவும் தம்பியர் இருவருமே.

“சேர், நான் படிப்பை விட்டிட்டு வேலைக்குப் போகப் போறன். தம்பியவை படிக்கட்டும்” என்றாள்.

ஊரார் அவளைப் புகழ்கின்றனர். புகழத்தக்கவளே. ஆயினும் அவள் அடைப்பது யாருடைய கடன்? 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரில் தாய் தந்தையரை இழந்த வன்னி வீடுகளில், மூத்த பிள்ளைகள் பலர் இளையோரைச் சுமந்தனர். அங்கே கேட்பதற்கு ஆளில்லை. இங்கோ இருவரும் உயிரோடிருக்கின்றனர்.

கணவன் மனைவி உறவை நீதிமன்றம் அறுக்கலாம். பெற்றோர் பிள்ளை உறவை அறுப்பதில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வசதியுள்ள தாய்க்கும் தந்தைக்கும் அக்கடமையை விதிக்கின்றது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டுமல்லர், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளும் தாபரிப்புக் கோரலாம். ஆகவே தம்பியருக்கு உள்ள உரிமை அக்காவுக்கும் உண்டு. விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்தில் செய்யப்படல் வேண்டும். வறியோர்க்கு உதவவென 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம்.

இவற்றைச் சொன்னபோது அவள் கண் கலங்கினாள்.

“அப்பாவைக் கோட்டுக்கு இழுக்கிறதோ, சேர்?”

“அவரைத் தண்டிக்க அன்று, பிள்ளாய், தந்தையாக இருக்கச் சொல்வதற்கே” என்றேன்.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வகுப்புக்கு வந்திருந்தாள்.

மாமன்மாரே, சித்திமாரே! இத்தகைய பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவளுடைய பொறுமையைப் புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். பெற்றோரிடம் நீங்கள் சென்று பேசுங்கள். நீதிமன்றம் செல்ல நேரின் உடன் செல்லுங்கள். மாலையில் ஒருமணி நேரம் அத்தம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் புத்தகத்தைத் திறக்கட்டும். தம்பியர்க்கு அவள் தாய்போல இருக்கலாம். ஆனால் அவளும் ஒரு பிள்ளையே என்பதை நாம் மறந்துவிடலாகாது.